வியப்பும் வெட்டியும்: எகிப்தியப் பிரமிடுகளையும் தஞ்சைப் பெருங்கோயிலையும் முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

பெருங்கட்டடம் ஒன்றின்முன் நிற்பவர் உள்ளத்தில் முதலில் எழுவது வியப்பு. சற்றே தாமதித்து ஒரு வினாவும் எழும். இக்கல்லைத் தூக்கி வைத்தவர் யார்? அவர் மனமொப்பித்தான் தூக்கினாரா? எகிப்தியப் பிரமிடுகளைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் கணிசமான பகுதி இவ்வினாவைச் சுற்றியே அமைந்துள்ளது. அடிமைகளின் குருதியால் எழுந்தவை என்று கூறி அவற்றை வெறுப்பார் ஒரு சாரார். அடிமைகள் கட்டவில்லை என்பதை அகழாய்வுகள் காட்டிவிட்டன, ஆதலின் தயக்கமின்றி வியக்கலாம் என்பார் மற்றொரு சாரார். இவ்விருவரும் முரண்படுவதுபோல் தோன்றினும் ஓர் எடுகோளில் ஒன்றுபடுகின்றனர். கட்டியவரின் நிலை இன்னதெனத் தெரிந்துவிட்டால், காண்பவரின் வியப்பு தகுமா தகாதா என்பதற்கும் தீர்ப்புக் கிடைத்துவிடும் என்பதே அவ்வெடுகோள்.

இக்கட்டுரை அவ்வெடுகோளை ஏற்கத் தயங்குகிறது. உழைத்தவருக்கு உணவு அளிக்கப்பட்டது என்பதும், அவர் பெயர் பொறிக்கப்பட்டது என்பதும் உண்மையாயினும், அவை அவர் இசைந்து உழைத்தார் என்பதற்குச் சான்றாகா. அவ்வாறாயின் வியப்பைக் கைவிட்டுவிட வேண்டுமா? அதுவும் வேண்டுவதில்லை என்றே தோன்றுகிறது. இவ்விரண்டையும் ஒருங்கே ஏற்பது எவ்வாறு என்பதே ஈண்டு ஆராயப்பெறுகிறது. ஒப்பீட்டுக்குத் தஞ்சைப் பெருங்கோயிலும், தமிழ்ப் புராண மரபும், தமிழர் பலர் குடியேறி வாழும் மும்பையும் எடுத்துக்கொள்ளப்பெறுகின்றன.

கல்லின் வரலாறு

பிரமிடுகளின் வளர்ச்சி வியக்கத்தக்க அளவுக்கு விரைவானது. கி.மு. 27ஆம் நூற்றாண்டில் சக்காராவில் சோசர் மன்னனுக்காக எழுப்பப்பட்ட படிப் பிரமிடே முதலாவது. அதன் சிற்பியாக இம்ஹோதெப் போற்றப்படுகிறார். பின்னர் ஸ்னெஃப்ரு என்னும் மன்னன் காலத்தில் தாஷூரில் ஒரு பிரமிடு கட்டப்படும்போதே பாதியில் சாய்வு மாற்றப்பட்டது. அது இன்றும் வளைந்த தோற்றத்துடன் நிற்கிறது. அவன் மகன் கூஃபுவின் பிரமிடு, கி.மு. 26ஆம் நூற்றாண்டில், கீசாவில் ஏறத்தாழ 146 மீட்டர் உயரத்துக்கு எழுந்தது. சோசரிலிருந்து கூஃபு வரை ஒரு நூற்றாண்டுக்குச் சற்றே கூடுதலான காலந்தான். கூஃபு பிரமிட்டில் ஏறக்குறைய 23 இலட்சம் கற்கள் உள்ளன என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. கற்களுக்கிடையே பயன்பட்ட சாந்து ஜிப்சத்தைச் சுட்டுப் பெறப்பட்டது. அச்சாந்தில் சிக்கிய கரித்துணுக்குகளைக் கொண்டே பிற்கால அறிவியலார் கரிமக் காலக்கணிப்புச் செய்தனர். விறகு அரிதான ஒரு நாட்டில் அத்தனை சூளைகளை எரித்தவர் எவர் என்பதை எண்ணுவார் சிலரே.

பிரமிட்டுக்கு இரண்டாயிரம் ஆண்டுகள் பிற்பட்டவரான கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ், நூறாயிரம் பேர் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாக இருபதாண்டுகள் உழைத்தனர் என்றும், கூஃபு கோயில்களை அடைத்து மக்கள் அனைவரையும் தனக்காக உழைக்க வைத்தான் என்றும் எழுதினார். கொடுங்கோலன் கட்டிய கல்லறை என்னும் படிமம் அவரிடமிருந்தே பெரிதும் பரவிற்று. விவிலியத்தின் இஸ்ரவேலர் பிரமிடுகளைக் கட்டினர் என்பது இன்னும் பிற்பட்ட கலவை. கீசாவின் பிரமிடுகள் மோசேயின் காலமாகக் கருதப்படுவதற்குப் பன்னூறு ஆண்டுகள் முன்னரே நின்றுகொண்டிருந்தன. விவிலியம் கூறுவதும் செங்கல் அறுத்த செய்தியே.

எலும்பும் ஏடும் சொல்வன

1990இல் கீசாவில் ஒரு குதிரை கால் இடறிய இடத்தில் பழைய சுவரொன்று தென்பட, பிரமிடுத் தொழிலாளரின் கல்லறைகள் வெளிப்பட்டன. ஸாஹி ஹவாஸ் அவற்றை அகழ்ந்தார். அருகிலேயே மார்க் லெனர் தலைமையிலான குழு தொழிலாளர் குடியிருப்பையும் அப்பம் சுடும் கூடங்களையும் மாடு, ஆடு ஆகியவற்றின் எலும்புக் குவியல்களையும் கண்டறிந்தது. 2013இல் செங்கடற்கரையின் வாதி அல்-ஜர்ஃப் என்னுமிடத்தில் பியர் தாலே குழுவினர் கண்ட பாப்பிரஸ் ஏடுகள் இவை எல்லாவற்றினும் சிறந்தவை. மெரெர் என்னும் மேற்பார்வையாளர் ஏறத்தாழ நாற்பது பேருடன் தூராவின் சுண்ணாம்புக் கல்லைப் படகேற்றிக் கீசாவுக்குக் கொண்டுவந்த நாட்குறிப்பு அது. எழுத்துள்ள பாப்பிரஸ் ஏடுகளுள் இன்று கிடைப்பனவற்றில் மிகப் பழையவை அவை. உணவுக் கணக்கும் அவற்றுடன் உள்ளது. மன்னனின் கல்லறை அறைக்கு மேலே எவர் கண்ணுக்கும் படாத இடத்தில் தொழிற்குழுக்கள் தம் பெயரை எழுதிவைத்துள்ளன. அவற்றுள் கூஃபுவின் நண்பர்கள் என்று பொருள்படும் குழுப்பெயர் புகழ்பெற்றது. மென்கௌரேயின் குடிமயக்கர் என்று ஒரு குழு தன்னை அழைத்துக்கொண்டதை நோக்க, அக்கூட்டத்தில் நகைச்சுவைக்குப் பஞ்சமில்லை என்பது புலனாகிறது.

சந்தைப் பொருளாய் விலைபோன அடிமைகள் அல்லர் இவர்கள் என்பதை இச்சான்றுகள் ஐயமின்றி நிறுவுகின்றன. ஆயின் அண்மைக்கால நூல்களும் ஆவணப்படங்களும் இதனின்று ஓரடி கூடுதலாகத் தாவுகின்றன. அடிமையல்லன், ஆகவே விரும்பி உழைத்தான் என்று முடிபு கூறுகின்றன. இடையில் ஒரு படி விடுபட்டுள்ளது. கல்லறைகளில் கிடைத்த எலும்புகளுள் முறிந்து பின் செம்மையாகக் கூடியவை உள. மருத்துவம் இருந்தது என்பதற்கு அது சான்று. எலும்பு முறிந்தது என்பதற்கும் அதுவே சான்று.

எகிப்தியர் தாமே விட்டுச்சென்ற எழுத்துகள் இவ்வகையில் மேலும் தெளிவானவை. ஐந்தாம் அரசமரபைச் சேர்ந்த நெஃபெரிர்காரே மன்னன், அபைதோஸ் கோயிலின் குருமாரையும் கோயில் நிலத்தில் உழைப்போரையும் அரசின் கட்டாய வேலைக்குப் பிடித்துச் செல்லலாகாது என ஆணையிட்டான். விலக்கு அளிக்கப்படுவது சுமையிலிருந்துதான். விருந்துக்கு எவரும் விலக்குக் கேட்பதில்லை. பிற்காலத்தில் இறந்தவருடன் உஷப்தி என்னும் சிறு பாவைகளை வைத்துப் புதைக்கும் வழக்கம் பெருகிற்று. மறுமையில் வயலில் நீர்பாய்ச்சவோ மணல் சுமக்கவோ இறந்தவரின் பெயர் அழைக்கப்பட்டால், அவருக்குப் பதிலாக அப்பாவை முன்வந்து நிற்க வேண்டும் என்பது அதன்மீது எழுதப்பட்ட மந்திரத்தின் கருத்து. செத்த பின்னும் ஊர்வேலைக்கு ஆள்பிடிக்க வருவார்கள் என்னும் அச்சமே அப்பாவைகளின் பிறப்பிடம் எனின், அவ்வேலையை மக்கள் எவ்வாறு உணர்ந்தனர் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டுவதில்லை.

நான்காம் ராம்சேஸ், கி.மு. 12ஆம் நூற்றாண்டில், வாதி ஹம்மாமாத் மலைக்குக் கல்வெட்ட எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோரை அனுப்பியதன் நினைவாகப் பாறையில் ஒரு கல்வெட்டு உள்ளது. அதிகாரிகள் முதல் கல்தச்சர் வரை வரிசையாக எண்ணிய பின், இறந்தோர் 900 பேர் என்றும் அது குறிக்கிறது. இத்தகைய நேர்மையான கணக்கு அரிது. ஆனால் அக்கணக்கு எழுதப்பட்ட தொனியில் வருத்தம் ஏதும் இல்லை. கணக்கு வேறு, கவலை வேறு என்பதை இக்கல்வெட்டைக் காட்டிலும் தெளிவாக உணர்த்தும் ஆவணத்தை யாம் அறியோம்.

இசைவு என்பது மறுக்க இயலும்போதுதான் பொருளுடையது. மறுப்பும் எகிப்தில் நிகழ்ந்தது. மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆட்சியாண்டில், அரசர் கல்லறைகளைக் குடையும் தேர் எல்-மதீனா ஊர்க் கைவினைஞர், கூலித் தானியம் வாராமையால் கருவிகளைக் கீழே வைத்துவிட்டுக் கோயிலின் பின்புறம் சென்று அமர்ந்தனர். பசி, நீர்வேட்கை, உடையின்மை ஆகியவற்றை அவர்கள் முறையிட்டது தூரின் அருங்காட்சியகத்திலுள்ள பாப்பிரஸில் பதிவாகியுள்ளது. உலக வரலாற்றில் எழுத்துச் சான்றுடன் அறியப்படும் முதல் வேலைநிறுத்தம் இதுவே என்பர். ஆனால் இவர்கள் கைத்திறன் மிக்க சிறு கூட்டத்தினர். இவர்களுக்குப் பதிலாக வேறொருவரை நிறுத்தல் எளிதன்று. ஊர்தோறும் பிடித்துவரப்பட்ட கல்லிழுப்பாருக்கு அவ்வாய்ப்பு இருந்ததாகத் தெரியவில்லை.

பெயர் பொறித்த கோயில்

தமிழகத்தில் இவ்வினாவை எழுப்புதற்கு மிகப் பொருத்தமான கட்டடம் தஞ்சை இராசராசேச்சுரம். தோற்றத்தாலும் அது பிரமிட்டை ஒத்தது. பதின்மூன்று தளங்கள் கீழிருந்து மேலாகக் குறுகி இருநூறு அடிக்கும் மேலே செல்லும் விமானம் அது. முதலாம் இராசராசன் தன் 25ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1010இல், அதன் உச்சியில் வைக்கச் செப்புக் குடம் அளித்தான். தஞ்சையைச் சூழக் கருங்கல் மலை இல்லை. அத்தனை கல்லும் தொலைவிலிருந்தே வந்திருத்தல் வேண்டும். சிகரக் கல் ஒரே கல் என்பதும், சாரப்பள்ளம் என்னும் ஊரிலிருந்து சாரம் கட்டி அதனை ஏற்றினர் என்பதும் செவிவழிச் செய்திகள். பிரமிட்டின் சாய்தளத்தை நினைவூட்டும் செய்திகள் என்ற அளவில் அவை சுவையானவை.

பிரமிட்டுக்கும் இக்கோயிலுக்கும் உள்ள தலையாய வேறுபாடு பெயரில் உள்ளது. கூஃபுவின் தொழிலாளர் மறைவான அறையில் தம் குழுப்பெயரை எழுதினர். தஞ்சையிலோ மன்னன் தானும் தன் தமக்கையும் தேவியரும் ஏனையோரும் கொடுத்தவற்றையெல்லாம் கல்லில் வெட்டுமாறு பணித்தான். அதன் பயனாகக் குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் என்னும் தலைமைத் தச்சனின் பெயர் நமக்குக் கிடைக்கிறது. பல ஊர்த் தளிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும், முன்னர் இருந்த கோயிலும், தஞ்சையில் குடியமர்த்தப்பட்ட தெருச் சிறகும், வீட்டு வரிசையும் கிடைக்கின்றன. ஒவ்வொருவர்க்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் பங்காக அளிக்கப்பட்டது. நட்டுவர், பாடுவார், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர் என நீளும் பட்டியல் அது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பணியாளர் பதிவேடு இவ்வளவு விரிவாக வேறெங்கும் எளிதிற் காணக்கிடைப்பதன்று. இதனை எண்ணித் தமிழ் ஆய்வாளர் பெருமிதம் கொள்வது இயல்பே.

ஆயினும் அக்கல்வெட்டை மீண்டும் படித்தல் வேண்டும். அப்பெண்கள் கொண்டுவரப்பட்டவர்கள். கொண்டுவரும்போது அவர்கள் விருப்பம் கேட்கப்பட்டதாக ஒரு சொல்லும் இல்லை. ஒருவர் இறந்தாலோ வெளிநாடு சென்றாலோ அவருக்கு அணுக்க உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும். தகுதியற்றவராயின் தக்காரை அமர்த்திச் செய்விக்க வேண்டும். பங்கும் பணியும் வீட்டோடு பிணைக்கப்பட்டுள்ளன. இதனைப் பாதுகாப்பு என்று படிக்கவும் இடமுண்டு, கட்டு என்று படிக்கவும் இடமுண்டு. இரண்டும் ஒருசேர உண்மையாய் இருந்திருத்தல் கூடும் என்பதே எம் கருத்து.

மேலும், பெயர் பெற்றவர் கோயிலில் பணிசெய்தோரும் தலைமைத் தச்சருமே. கல்லை இழுத்தவர், மண் கொட்டிச் சாரம் உயர்த்தியவர், சுண்ணாம்பு சுட்டவர் ஆகியோர் பெயர் அச்சுவர்களில் இல்லை. அவர்களைப் போன்றோரைத் தேட வேண்டிய இடம் வரிப் பெயர்களின் பட்டியல். சோழர் காலக் கல்வெட்டுகளில் அடிக்கடி பயிலும் வரிச் சொற்களுள் வெட்டி என்பது ஒன்று, முட்டையாள் என்பது மற்றொன்று. இரண்டும் கூலியின்றிச் செய்யும் கட்டாய உழைப்பைக் குறிப்பன. வெட்டி என்பதனை வடமொழி விஷ்டி என்னும் சொல்லோடு தொடர்புபடுத்துவர். தேவதானமாகவோ பிரமதேயமாகவோ ஓர் ஊரை இறையிலி ஆக்கும்போது இத்தகைய சுமைகளும் நீக்கப்படுவதுண்டு. நெஃபெரிர்காரேயின் ஆணையும் சோழர் சாசனமும் ஒரே மொழியைப் பேசுகின்றன. பெருங்கோயிலின் கல் வெட்டி உழைப்பால் ஏறிற்று என்று துணிதற்கு நேர்ச்சான்று இல்லை. அவ்வாறு ஏறவில்லை என்று துணிதற்கும் இல்லை.

சொற்பொருள் மாற்றம் ஒன்று ஈண்டுக் கருதத்தக்கது. கூலியில்லா உழைப்பைக் குறித்த வெட்டி என்னும் சொல், இன்று பயனில்லாச் செயலையும் வேலையற்றுத் திரிபவனையும் குறிக்கிறது. வெட்டி வேலை, வெட்டிப் பேச்சு, வெட்டியாய் இருக்கிறான் என்கிறோம். கோட்டையும் ஏரியும் கோயிலும் எழக் காரணமாயிருந்த உழைப்பின் பெயர், பயனின்மையின் பெயராகிவிட்டது. பயன் கட்டடத்துக்குச் சென்றது. உழைத்தவனுக்கு அது பயனற்ற நாளே. அவன் பக்கத்திலிருந்து பார்த்து ஆக்கப்பட்ட சொல் இது. வரலாற்றாசிரியர் எழுதத் தவறிய தீர்ப்பை வழக்குமொழி எழுதிவைத்திருக்கிறது எனலாம்.

வந்தியின் ஆள்

கட்டாய உழைப்பு பற்றித் தமிழ் மரபு நேராகப் பேசிய இடம் ஒன்றுண்டு. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இடம்பெறும் பிட்டுக்கு மண் சுமந்த கதை அது. வைகை கரைபுரண்டபோது, வீட்டுக்கு ஓர் ஆள் கரையடைக்க வரவேண்டும் என அரிமர்த்தன பாண்டியன் ஆணையிடுகிறான். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்னும் முதியவளுக்கு ஆள் இல்லை. சிவபெருமான் கூலியாளாய் வந்து உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டு கூடை சுமக்கிறார். பின் விளையாடுகிறார், மரநிழலில் உறங்குகிறார். வந்தியின் பங்கு மட்டும் அடைபடாமல் கிடக்கிறது. மன்னன் பிரம்பால் அடிக்க, அவ்வடி மன்னன் மீதும் தேவியர் மீதும் எல்லா உயிர்கள் மீதும் படுகிறது. மதுரையில் ஆவணி மாதத்தில் இக்கதை இன்றும் விழாவாக நிகழ்த்தப்பெறுகிறது.

இக்கதையை இறைவனின் எளிவந்த தன்மைக்குச் சான்றாகவே உரைகாரர் விளக்குவர். அறவியல் நோக்கில் வேறு சிலவும் தோன்றுகின்றன. கரை அரசனின் கல்லறை அன்று. அது ஊரைக் காப்பது. அப்பொழுதும் ஆணை கொடியதாகிவிடுகிறது. காரணம், அது வீடுகளை எண்ணிற்றே அன்றி, அவ்வீட்டில் உள்ளவர் நிலையை நோக்கவில்லை. ஆகவே பொதுநன்மை என்னும் ஒன்றே கட்டாய உழைப்பின் குற்றத்தைக் கழுவிவிடாது. இனி, அக்கரையில் வேலை செய்யாமல் உறங்கத் துணிந்த ஒரே ஆள் கடவுள். மற்றெவரும் உறங்கியிருக்க முடியாது. மறுக்கும் உரிமையை எவருக்குக் கொடுத்தால் கதை கேட்பவர் ஏற்பர் என்று எண்ணிய புலவர் மரபு, அதனைக் கடவுளுக்கு மட்டுமே கொடுக்க முடிந்தது. இது அக்காலத்தைப் பற்றிய கூரிய சான்று. கதை கரையை வெறுக்கவும் இல்லை. இறுதியில் கரை அடைபடத்தான் செய்கிறது.

வியப்பவர் கடன்

அங்ஙனமாயின் வியப்பு என்னாவது? பிரமிட்டின் ஈர்ப்பு பண்டு தொட்டே உள்ளது. எகிப்தின் அரசர் கல்லறைகளுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தமிழரும் சென்றனர். செங்கடல் துறைகளான குசெய்ர் அல்-காதிம், பெரெனிகே ஆகியவற்றில் தமிழ்ப் பிராமி எழுத்துடைய பானை ஓடுகள் கிடைத்தமை முன்பே அறியப்பட்டது. 2026இல் சார்லோட் ஷ்மிட், இங்கோ ஸ்ட்ராவ்க் ஆகிய அறிஞர்கள், அரசர் பள்ளத்தாக்கின் கல்லறைச் சுவர்களில் தமிழ்ப் பிராமிப் பெயர்கள் கீறப்பட்டுள்ளமையைச் சென்னைக் கருத்தரங்கில் வெளிப்படுத்தினர். சிகை கொற்றன் என்னும் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லறைகளில் காணப்படுகிறது. வணிகத்துக்காகக் கடல்கடந்த ஒருவன் தன் ஊதியத்துக்குத் தொடர்பில்லாத மலைப்பள்ளத்தாக்கு வரை சென்று, வியந்து, தன் பெயரை எழுதிவைத்துத் திரும்பியிருக்கிறான். அழியாத இடத்தில் தன் பெயரும் இருக்கட்டும் என்னும் அவா மன்னனுக்கும் வணிகனுக்கும் ஒன்றே. குடிமயக்கர் என்று எழுதிய கல்லிழுப்பாருக்கும் அதுவே.

இவ்வவா இயல்பானது, குற்றமற்றது. வியப்பும் அத்தகையதே. அதனை ஒடுக்கிவிடுவதால் கல்லிழுத்தவனுக்கு ஒரு நன்மையும் இல்லை. அவன் செய்த வேலையைப் பார்க்க மறுப்பது அவனை இரண்டாம் முறை மறப்பதாகவும் ஆகும். குற்றம் வியப்பில் இல்லை. வியப்புக்கு முன்னால் ஒரு நற்சான்றிதழைத் தேடும் மனப்போக்கில்தான் இருக்கிறது. நன்கு உண்டார்கள், பெயர் பெற்றார்கள், ஆகவே நாம் நிம்மதியாகப் பார்க்கலாம் என்னும்போது, ஆய்வு நம் வசதிக்கு ஏவல் செய்கிறது. வியந்தவாறே நிம்மதியின்றி இருத்தல் இயலாத ஒன்றன்று. பெருங்கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டைப் படித்தவாறே நிமிர்ந்து விமானத்தைப் பார்ப்பவருக்கு அது கைகூடும்.

இது பழங்கதை அன்று என்பதற்கு மும்பையே சான்று. இந்தியாவின் நுழைவாயில் எனப்படும் வளைவு 1924இல் திறக்கப்பட்டது. 1911 டிசம்பர் 2இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் அரசியாரும் வந்திறங்கியதை அதன் நெற்றியெழுத்து கூறுகிறது. கட்டடக் கலைஞர் ஜார்ஜ் விட்டெட்டின் பெயரை நூல்கள் கூறுகின்றன. கல்தச்சரைத் தேடினால் வெறுமை. தாராவியிலோ நிலை தலைகீழ். திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் வந்தோர் சதுப்பு நிலத்தைத் தம் கையால் நிரப்பித் தமக்கென எழுப்பிய ஊர் அது. அங்கு நெற்றியெழுத்தும் இல்லை, காண வருவோர் அதனை நினைவுச்சின்னம் என்று அழைப்பதும் இல்லை. தம் இசைவோடு தமக்காகக் கட்டியவர்களின் வேலை வியப்புக்கு உரியதாகக் கருதப்படாமை, நம் வியப்பு எதனைப் பின்பற்றிச் செல்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது.

கட்டுமானத் தொழிலாளருக்கென நடுவணரசு 1996இல் இயற்றிய சட்டங்கள் இருவகையில் இவ்வாய்வுக்குத் தொடர்புடையன. தொழிலாளர் பெயர் பதிவு பெற்றுப் பயன்பெற அவை வழி வகுத்தன. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறையாத தீர்வையை அவர்கள் நலனுக்கென விதித்தன. பெயரும் பங்கும் என்னும் தஞ்சைக் கல்வெட்டின் இரு கூறுகளும் இவற்றில் உள்ளன. வீட்டோடு பிணைக்காமையும், பணியை விட்டு விலகும் உரிமையும் கூடுதலாக உள்ளன. அவ்வுரிமை, வேறு பிழைப்பு இல்லாதவன் கையில் எவ்வளவுக்கு உரிமை என்பது வந்தியின் கதை விட்டுச்சென்ற வினாவே.

தாராவிக்கும் செம்பூருக்கும் அருகே சுனாபட்டி என்றோர் ஊர்ப்பகுதி உண்டு. ஹார்பர் தடத்தில் ரயில் நிலையமும் அப்பெயரில் உள்ளது. சுண்ணாம்புக் காளவாய் என்பதே அதன் பொருள். சுண்ணாம்புச் சாந்தால் எழுந்த பழைய பம்பாயின் கட்டடங்கள் இன்றும் பயணியரைத் தெற்கு நோக்கி ஈர்க்கின்றன. அச்சாந்துக்கு நெருப்பு மூட்டியவர் எவர் பெயரும் எக்கட்டடத்திலும் இல்லை. மன்னன் பெயரோ கொடையாளி பெயரோ சூட்டப்படாமல், வேலையின் பெயராலேயே அழைக்கப்படும் அந்நிலையத்தில், பலகையைப் பார்த்து இறங்குவோர் நாள்தோறும் அச்சொல்லைக் கூறுகின்றனர். ஜிப்சம் சுட்ட கீசாவின் சூளைகளுக்கு அவ்வளவும் வாய்க்கவில்லை.